திரமென்ஹீர் கொடுத்த நிலமா? பஞ்சமி நிலத்தின் நிபந்தனையைப் படித்தறிதல்

ரமணாசிரமத்தைக் கடந்து செங்கம் சாலையில் மேற்கே செல்பவர் எவரும் இருபுறமும் நிற்கும் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளைக் காணாமல் போக முடியாது. ஒரு தலைமுறைக்கு முன்பு மணிலாவும் கம்பும் விளைந்த மானாவாரிப் பூமி இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஏக்கர் கணக்கில் நிலத்தை விற்றவருக்கும் சதுர அடிக் கணக்கில் அதை மறுபடி விற்பவருக்கும் இடையே உள்ள தொலைவுதான் இந்நகரின் அண்மைக்காலப் பொருளாதாரம். கிரிவலப் பாதை, ஆசிரமங்கள், வெளிநாட்டவர் குடியேற்றம், பெருநகரத்தாரின் இரண்டாவது வீடு என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

இத்தகைய விலையேற்றம் நிகழும் இடத்திலெல்லாம் தலித் குடும்பங்களிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. "எங்கள் பாட்டனுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம் இது. எப்போது கைமாறியது, எப்படிக் கைமாறியது என்று தெரியவில்லை. இப்போது கேட்க முடியுமா?" கேட்கலாம். ஆனால் எதை, எந்த அடிப்படையில், யாரிடம் கேட்பது என்பதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பு செங்கல்பட்டில் பணியாற்றிய ஒரு வெள்ளைக்கார ஆட்சியரிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர் ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர். பஞ்சமி நில மீட்புக் கூட்டங்களின் சுவரொட்டிகளில் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவர் படமும் இடம்பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். நன்றி மறவாத மக்களின் செயல் அது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆயினும் "திரமென்ஹீர் கொடுத்த நிலம்" என்று சொல்லிப் பழகியதால் நாம் இரண்டு விஷயங்களைப் பார்க்கத் தவறுகிறோம். அவர் கேட்டதில் எவ்வளவு மறுக்கப்பட்டது என்பது ஒன்று. கொடுக்கப்பட்டதைக் காக்கும் அதிகாரம் யார் கையில் விடப்பட்டது என்பது மற்றொன்று.

முதலில் அக்காலத்து ஆட்சியர் என்பவர் யார் என்று தெரிந்துகொள்வோம். 1855 முதல் இந்திய சிவில் சர்வீசுக்கான ஆட்கள் இலண்டனில் போட்டித் தேர்வு மூலம் எடுக்கப்பட்டனர். சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட இளைஞர் தமிழோ தெலுங்கோ கற்று, துறைத் தேர்வுகளை முடித்து, உதவி ஆட்சியர், துணை ஆட்சியர் என்று படிப்படியாக ஏறி ஆட்சியராவார். 'கலெக்டர்' என்ற பெயரே சொல்வது போல நிலவரி வசூல்தான் அப்பதவியின் முதல் வேலை. மாவட்ட நீதிபரிபாலனத்தின் ஒரு பகுதியும் அவரிடம் இருந்தது. அவருக்கு மேலே சென்னையில் வருவாய் வாரியம். அதற்கும் மேலே ஆளுநரும் அவர் ஆலோசனைக் குழுவும். கீழே தாசில்தார், ஃபிர்க்கா அதிகாரி, கிராம முன்சீப், கர்ணம். ஒரு மாவட்டத்தைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிந்த அனைத்தும் இந்தக் கீழ்ப்படிகள் வழியாகத்தான் மேலே வந்தன. அப்படிகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். கர்ணம் பதவி பரம்பரையாக வந்தது. ஆகவே ஊர்த்தெரு சொல்வது கணக்காயிற்று. சேரி சொல்வது கணக்கில் வரவேயில்லை.

திரமென்ஹீரை மற்ற ஆட்சியர்களிடமிருந்து வேறுபடுத்துவது இந்த இடமே. 1891-இல் அவர் அரசுக்கு அனுப்பிய 'செங்கல்பட்டுப் பறையர் குறித்த குறிப்பு' கர்ணம் கணக்கை மட்டும் நம்பி எழுதப்பட்டதன்று. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அக்காலத்தில் சேரி மக்களின் நிலக் கோரிக்கைகளை அரசின் காதுக்குக் கொண்டுசென்று கொண்டிருந்தனர். ஞானஸ்நானம் பெறும் மக்கள் முதலில் கேட்டது வேதபாடத்தையன்று, நிலத்தையும் வழக்கில் துணையையும் என்பதை மிஷனரிகளே உணர்ந்திருந்தார்கள். மதமாற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

அதே 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றிக் காங்கிரசுக்கு அனுப்பியது. இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' இதழ் 1893-இல் வெளிவந்தது. ஓர் இரக்கமுள்ள அதிகாரி திடீரென்று கண்விழித்துப் பார்த்ததால் எழுதப்பட்டதாகத் திரமென்ஹீரின் குறிப்பைப் படிப்பது பிழை. சேரிகளிலிருந்து மனுக்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், தலித் மக்களின் சொந்த அமைப்புகள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் அது எழுதப்பட்டது.

குறிப்பின் சாரம் என்ன? பட்டினியும் நோயும் கடனும் அதில் இருக்கின்றன. ஆனால் அதன் வலிமை அவற்றில் இல்லை. வறுமையை விவரிக்கும் அரசு அறிக்கைகள் அன்றும் பல, இன்றும் பல. வறுமைக்குக் காரணம் சோம்பலோ குடியோ அன்று, அரசின் சொந்த விதிகளே என்று ஓர் ஆட்சியர் எழுதியதுதான் அரிது.

செங்கல்பட்டு மிராசு முறை வேரூன்றிய பகுதி. ஊரின் விளைநிலத்தில் மட்டுமன்றித் தரிசிலும் நத்தத்திலும்கூட மிராசுதார்கள் முன்னுரிமை கோரினர். யாரேனும் ஒருவர் தரிசு நிலத்தைப் பயிரிட விரும்பினால் 'தர்காஸ்து' என்னும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் வந்ததும் அது ஊரில் அறிவிக்கப்படும். மிராசுதார் "எனக்கு வேண்டும்" என்றால் அவருக்கு. அவர் வேண்டாமென்றால் அவ்வூரில் ஏற்கனவே பட்டா வைத்திருப்பவருக்கு. அதற்குப் பிறகுதான் வெளியார். தலைமுறை தலைமுறையாக அவ்வூரின் ஏரைப் பிடித்த படியாள் இந்த வரிசையில் எங்கே நின்றார்? அவரிடம் பட்டா இல்லை. ஆகவே விதியின் கண்ணில் அவர் தன் சொந்த ஊரிலேயே வெளியார். அவர் மனு கொடுத்தார் என்ற செய்தியே மிராசுதாரை அந்நிலத்தைக் கேட்கத் தூண்டும். ஒரு படியாள் கொஞ்சம் நிலம் பெற்றுவிட்டால் மறுநாள் உழ ஆள் கிடைக்காதே என்ற அச்சம் மிராசுதாருக்கு. தரிசாகவே கிடந்தாலும் பரவாயில்லை, சேரியான் கைக்குப் போகக் கூடாது.

குடியிருப்பிலும் இதே கதை. சேரியின் மண் யாருடையது? குடிசை போட்டவருடையது என்று விதி சொல்லவில்லை. மிராசுதாரோடு பிணங்கியவருக்கு வேலை போவது மட்டுமில்லை, கூரையும் போகும். 1843-இன் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரத்தை மறுத்துவிட்டது. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிபத்தைக் குற்றமாக்கிவிட்டது. ஆயினும் முன்பணக் கடனும் குடிசை மண்ணும் சேர்ந்து செய்த வேலையைச் செய்ய இனி சங்கிலி தேவைப்படவில்லை.

இங்கே ஓர் இடைச்செய்தி. மிராசு உரிமையைத் தொன்மையான சொத்துரிமை என்று ஆவணங்களோடும் கல்வெட்டுகளோடும் நிறுவிக் காட்டியவரும் ஒரு வெள்ளைக்கார ஆட்சியரே. 1810 முதல் 1819-இல் இறக்கும்வரை சென்னை ஆட்சியராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பவர் அவர். திராவிட மொழிக் குடும்பத்தை 1816-இலேயே இனங்கண்டவர், திருக்குறளுக்கு உரை எழுதியவர் என்று நாம் கொண்டாடும் அதே எல்லிஸ்தான். மிராசு குறித்த அவருடைய விடைகள் 1818-இல் அச்சாயின. அவருடைய தமிழ்ப் புலமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அப்புலமை ஊர்த்தெருவின் ஓலைகளிலிருந்தும் செப்பேடுகளிலிருந்தும் வந்தது. சேரியில் ஓலையும் இல்லை, செப்பேடும் இல்லை. எல்லிஸ் காலத்தில் ஆவணமாக நின்ற முன்னுரிமையைத்தான் எழுபது ஆண்டுகள் கழித்துத் திரமென்ஹீர் கேள்விக்குள்ளாக்க நேர்ந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் நமக்கு நிலம் கொடுத்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவோர் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

தரிசு நிலத்தைத் தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்குவது, அந்நிலத்தைப் பிறர் பறிக்காதபடி கைமாற்றத் தடை விதிப்பது, குடியிருப்பு மனைக்கு உரிமை தருவது, மிராசுதாரின் முன்னுரிமையை நீக்குவது, பள்ளிகளைத் திறப்பது ஆகியவை திரமென்ஹீர் முன்வைத்த வழிகள். இவற்றைப் படித்த மேலதிகாரிகள் மகிழ்ந்துவிடவில்லை. வரி செலுத்துபவர் மிராசுதார். அவரைப் பகைத்துக்கொண்டு வசூல் நடத்த முடியாது. உழைப்பவர் நிலம் பெற்றுவிட்டால் உழைப்பு யாரிடமிருந்து வரும்? மக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் கோலார்ச் சுரங்கத்திற்கும் போய்ச் சம்பாதிக்கிறார்களே, அவர்கள் நிலை தானாகவே உயர்ந்துவருகிறதே என்ற வாதமும் எழுந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் கப்பலேறியவர்களின் துயரத்தை அறிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் கொடூரம் புரியும். ஊரில் வாழ முடியாமல் ஓடியவர்களைக் காட்டி ஊரில் வாழ முடிகிறது என்று நிரூபித்தார்கள்.

1892 செப்டம்பர் 30 அன்று வெளியான வருவாய்த் துறை அரசாணை 1010, 1010-ஏ என்பவை இந்த இழுபறியின் விளைவு. அவர் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் அவை தந்தன. தரிசு நிலத்தை ஒதுக்கி ஒப்படைக்கும் கொள்கை ஏற்கப்பட்டது. மிராசு அமைப்பின் முதுகெலும்பை முறிக்கும் பரிந்துரைகளை அரசு தொடத் துணியவில்லை. திருவண்ணாமலை அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம். அரசாணை வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1896 செப்டம்பரில், மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன் இவ்வூருக்கு வந்து சேர்ந்தான் என்பதும், அவனைச் சுற்றி எழுந்த ஆசிரமத்தின் பெயரால்தான் இன்று நாம் பேசும் பகுதியே அழைக்கப்படுகிறது என்பதும் வரலாற்றின் போக்கு. இன்னொரு தற்செயலும் உண்டு. வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான நாளும் செப்டம்பர் 30, ஆண்டு 1989.

ஒப்படைப்பு வேகம் பெற்றது பிற்காலத்தில்தான். 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவாக்கப்பட்டுத் தாழ்த்தப்பட்டோர் நலன் அதன் பொறுப்பில் விடப்பட்டது. எம்.சி.ராஜா போன்றவர்கள் சட்டமன்றத்திற்குள் நுழைந்து நிலத்தையும் மனையையும் ஆண்டுதோறும் கேள்வியாக்கினார்கள். நம் குடும்பங்களின் கைக்கு வந்த நிலங்களில் பல இக்காலத்தவை. அவற்றை 1892-இல் திரமென்ஹீர் தந்தவை என்று சொல்வது அந்தச் சட்டமன்றப் போராட்டத்தை மறைத்துவிடுகிறது.

மாணவர் தோழர்கள் கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கத்திற்கு இப்போது வருகிறேன். "1892-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பஞ்சமி நிலச் சட்டம் இயற்றியது, 12 இலட்சம் ஏக்கர் வழங்கியது" என்ற வாக்கியம் துண்டறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. பாராளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. இருந்தது சென்னை அரசின் அரசாணை. மேடையில் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். நீதிமன்றத்தில் மனுவின் முதல் பத்தியிலேயே இல்லாத சட்டம் ஒன்றைக் குறிப்பிட்டால், அதன் எந்தப் பிரிவு என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்பார். மீதிப் பத்திகளின் நம்பகத்தன்மையும் அதோடு போகும். 12 இலட்சம் ஏக்கர் என்ற எண்ணும் அவ்வாறே. கோரிக்கை முழக்கமாக அது பயன்படலாம். வழக்கில் பயன்படுவது சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, ஒப்படை நாள் என்னும் நான்கு மட்டுமே.

சட்டம் இல்லையென்றால் உரிமை எதில் நிற்கிறது? நிபந்தனையில் நிற்கிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைக்கும் நிலத்திற்கான நிபந்தனைகள் வருவாய் வாரிய நிலையாணை 15-இல் இடம்பெற்றன. ஒப்படை பெற்றவர் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் செய்யவோ குத்தகைக்கு விடவோ கூடாது. பத்தாண்டுகளுக்குப் பிறகு கைமாற்றலாம், ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே. மீறினால் அரசு இழப்பீடின்றி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வருவாய் வாரியம் 1980-இல் கலைக்கப்பட்ட பின்னும் நிலையாணைகள் வருவாய் நிலையாணைகளாகத் தொடர்கின்றன.

சட்ட மாணவர் ஒருவர் இவ்விடத்தில் கை உயர்த்துவார். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 10-ஆம் பிரிவு கைமாற்றுவதை முற்றாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்கிறதே? சரியான கேள்வி. நிலத்தை வாங்கியவர்களின் வழக்குரைஞர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். விடை, பின்னர் நீக்கப்பட்டுவிட்ட அரசு மானியங்கள் சட்டம், 1895-இல் இருந்தது. அரசு வழங்கும் நிலத்திற்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பொருந்தாது, வழங்கல் ஆணையின் வாசகம் என்ன சொல்கிறதோ அதுவே செல்லும் என்றன அதன் 2, 3-ஆம் பிரிவுகள். அச்சட்டத்திற்கு முன்பு வழங்கப்பட்டவற்றுக்கும் அது பொருந்தியது. ஆகவே பஞ்சமி நில நிபந்தனை வெறும் நிர்வாக அறிவுரையன்று. நிலத்தோடு ஒட்டிப் பிறந்தது. பட்டியல் சாதியினர் அல்லாதார்க்கு நிபந்தனையை மீறிச் செய்யப்பட்ட கிரயம் அவர்களுக்கு உரிமை தராது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்று சொல்வோர் உண்டு. பதிவு என்பது ஆவணம் எழுதப்பட்டதற்குச் சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை இருந்தது என்பதற்குச் சாட்சியன்று.

இவ்வளவு உறுதியான நிபந்தனை ஏன் நிலத்தைக் காக்கவில்லை?

அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் நிலத்தை இழந்தவரிடம் இல்லை என்பதே காரணம். மீறலைக் கண்டுபிடிப்பவர், அறிவிப்பு அனுப்புபவர், ஒப்படையை இரத்து செய்பவர், மீண்டும் ஒப்படைப்பவர் எல்லாரும் வருவாய்த் துறையினர். திரமென்ஹீர் போன்ற ஒருவர் அந்நாற்காலியில் இருந்தால் நிபந்தனை உயிர்பெறும். இல்லாவிட்டால் தாளிலேயே உறங்கும். பதவியில் இருப்பவர் இரண்டு ஆண்டில் மாற்றலாகிப் போவார். கர்ணமோ 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்படும்வரை அதே ஊரில், அதே தெருவில், கணக்குப் புத்தகத்தோடு இருந்தார். கடன் பத்திரத்தில் வைத்த கைரேகை கிரயப் பத்திரமாவதற்கும், அடங்கலில் சாகுபடியாளர் பெயர் மாறுவதற்கும் அவருடைய பேனா போதுமானதாக இருந்தது. பின்னர் 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதாவது 'யு.டி.ஆர்.', பழைய பதிவுகளைப் புதியவற்றில் ஏற்றியது. அனுபவத்தில் இருந்தவர் பெயரே பட்டாதாரர் பெயராக ஏறியது; குறிப்புரைப் பத்தியில் இருந்த 'டி.சி.' என்ற இரண்டெழுத்து பல இடங்களில் ஏறவேயில்லை. கணினிச் சிட்டாவைப் பார்த்துவிட்டு "இது பஞ்சமி நிலமில்லை" என்று சொல்லும் அலுவலர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் முன்னே இருக்கும் திரையில் அந்த இரண்டெழுத்து இல்லை.

1994 அக்டோபர் 10-ஐ இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி ஆட்சியர் அலுவலகத்தின் முன் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். எந்த மாவட்டத்தின் ஆட்சியர் நிலத்தைக் கொடுங்கள் என்று எழுதினாரோ, அதே மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் அது. 1892 அரசாணையை நிறைவேற்றுங்கள் என்பதற்கு மேல் அந்த மக்கள் எதுவும் கேட்கவில்லை.

அண்டை மாநிலங்கள் வேறு வழியை எடுத்தன. ஆந்திரம் 1977-இலும் கர்நாடகம் 1978-இலும் ஒப்படை நிலக் கைமாற்றத் தடைச் சட்டங்களை இயற்றின. கர்நாடகச் சட்டத்தை எதிர்த்த மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஏழைக்குக் கொடுத்த நிலத்தைப் பணமுடையவர் வாங்கிவிட்டு அடிப்படை உரிமை பேச முடியாது என்பதே அதன் உட்பொருள். 1995-இன் சந்தேவரப்பா வழக்கில், ஒப்படைதாரரிடம் வாங்கியவர் நிபந்தனைக்கு எதிராக எதிரிடை அனுபவ உரிமை கோருவதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் மஞ்சேகௌடா தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே அனுபவக் காலம் முழுமையடைந்து வாங்கியவரின் உரிமை உறுதியாகியிருந்தால் அச்சட்டம் அவரைத் தொடாது. அரசு வழக்கிடுவதற்கான காலவரம்பு, வரையறைச் சட்டத்தின் 112-ஆம் உறுப்புப்படி 30 ஆண்டுகள். 2017-இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில், மீட்பு மனு 'நியாயமான காலத்திற்குள்' வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் கர்நாடகத்தில் மனுக்கள் வரிசையாகத் தள்ளுபடியாயின. அங்குள்ள தலித் அமைப்புகள் விடாமல் போராடி, காலத்தாமதம் தடையாகாது என்ற திருத்தத்தை 2023-இல் கொண்டுவரச் செய்தன. தமிழ்நாட்டில் திருத்துவதற்கே ஒரு சட்டம் இல்லை. நம்முடையது நிலையாணை மட்டுமே. எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் வாதமும் காலம் கடந்துவிட்டது என்பதே. நாம் சட்டம் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணை ஈகத்தின் நினைவு ஒரு காரணம். நாள்காட்டி இன்னொரு காரணம்.

குற்றவியல் வழியும் உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவை பட்டியல் சாதியினருக்கு உரிய அல்லது ஒப்படைக்கப்பட்ட நிலத்தைத் தவறான முறையில் ஆக்கிரமிப்பதையும், அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதையும் குற்றமாக்குகின்றன. பதிவேடுகளைப் புனைந்து நிலத்தை எடுப்பதும் 'தவறான முறை' என்பதில் அடங்கும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவு. இப்பிரிவுகளில் புகார் கொடுக்கும் முன் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆவணமின்றிக் கொடுத்த புகார் 'உரிமையியல் தன்மை வாய்ந்தது' என்ற ஒரு வரியோடு முடிக்கப்படுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

ரமணாசிரமம் பகுதியிலோ கிரிவலப் பாதையைச் சுற்றியுள்ள ஊர்களிலோ இந்த வேலையைத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு நடைமுறையைச் சொல்லி முடிக்கிறேன். கணினிச் சிட்டாவிலிருந்து தொடங்காதீர்கள். அது கடைசி ஆவணம். யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, நிலத்தீர்வைப் பதிவேடு, வட்ட அலுவலகத்தின் ஒப்படைப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் கேளுங்கள். ஊர் முழுமைக்கும் பொதுவாகக் கேட்டால் "தொகுக்கப்படவில்லை" என்ற பதில் வரும். சர்வே எண் வாரியாகக் கேளுங்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் கிடைத்த நகல் எந்த நிலத்துக்குரியது என்றே தெரியாமல் போகும். குறிப்புரைப் பத்தியில் 'டி.சி.' என்றோ 'ஆதிதிராவிடர் நிபந்தனை' என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு சார் பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் முதல் கைமாற்றம் எப்போது, யாரிடமிருந்து யாருக்கு என்பது தெரியும். 'பொது அதிகார ஆவணம்' இடையில் வந்தால் அங்கே நின்று கவனியுங்கள். தலித் பெயரில் வாங்கப்பட்டு வேறொருவர் அனுபவிக்கும் பினாமிக் கிரயங்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகின்றன. முதியவர்களிடம் அந்நிலத்தை ஊரில் என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 'சேரிக் கொல்லை', 'சர்க்கார் மேடு' போன்ற பெயர்கள் பதிவேட்டில் தொலைந்த எண்ணைக் கண்டுபிடிக்க உதவும்.

ஒவ்வோர் ஆண்டும் பசலி முடியும் முன், மே, ஜூன் மாதங்களில், வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் அனைத்தும் மேசைமேல் இருக்க வேண்டிய நாள் அது. சான்றிட்ட நகல்களை இணைத்து, நிபந்தனை மீறலைச் சர்வே எண்ணோடு குறிப்பிட்டு, ஒப்படையை இரத்து செய்து தகுதியுள்ள பட்டியல் சாதிக் குடும்பத்திற்கு மறு ஒப்படை செய்யுமாறு ஜமாபந்தி அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். அதற்கான ஒப்புகை எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். நடவடிக்கை இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரும் மனுவின் முதல் இணைப்பு அந்த ஒப்புகைச் சீட்டுதான்.